அறிக்கையிட்டால் பறிபோகும் சான்றிதழ்

காணை ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறித்து நாம் நடத்திய கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் தாயும் மகளுமாக இருவர் தயங்கி நின்றனர். மகள் பட்டதாரி, அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர். கையில் நெகிழி உறைக்குள் பத்திரப்படுத்திய சாதிச் சான்றிதழ். அதில் 'இந்து ஆதிதிராவிடர்' என்றிருந்தது. தாயின் கழுத்தில் செபமாலை.

"சார், சான்றிதழ் சரிபார்க்கும்போது சர்ச்சுக்குப் போறீங்களான்னு கேட்டா நான் என்ன சொல்லணும்?" என்றார் மகள். நாம் வாய் திறக்குமுன் தாய் குறுக்கிட்டார். "இல்லன்னு சொல்லுன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஜெபம் பண்றது?"

நமக்கு விடை இல்லை. பொய் சொல்லுமாறு கட்சிக்காரருக்கு அறிவுரை கூற வழக்கறிஞருக்கு உரிமை கிடையாது. உண்மையைச் சொல் என்று கூறிவிட்டு, அதன் விலையை அந்தப் பெண் ஆயுள் முழுதும் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மனம் ஒப்பவில்லை. இந்தக் கட்டுரை அன்றைக்குச் சொல்ல இயலாமற்போன விடையைத் தேடுவது.

தலித் கிறித்தவர் பட்டியலினத்தில் சேர்க்கப்படாதது குறித்து நம் இயக்கங்கள் நெடுங்காலமாகப் பேசிவருகின்றன. இட ஒதுக்கீட்டுச் சிக்கலாகவே அதைப் பேசிப் பழகிவிட்டோம். அதற்குள் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது மனச்சான்றைப் பற்றியது. ஒருவர் தாம் நம்புவதை நாலு பேர் அறிய வாய்விட்டுச் சொல்ல முடியுமா, சொன்னால் அரசு அவரை என்ன செய்யும் என்பதே அது.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த அரசமைப்பு (பட்டியல் சாதியினர்) ஆணையின் மூன்றாம் பத்தியை நாம் அனைவரும் அறிவோம். இந்து மதம் அல்லாத வேறொரு மதத்தை மேற்கொள்ளும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956 இல் சீக்கியருக்கும், 1990 இல் பௌத்தருக்கும் விலக்கு கிடைத்தது. கிறித்தவரும் இசுலாமியரும் வெளியிலேயே நிற்கின்றனர். இவ்வளவும் தெரிந்த செய்தி. ஆனால் அந்தப் பத்தியின் வினைச்சொல்லை நாம் போதிய அளவு உற்றுப் பார்த்ததில்லை. ஆங்கில மூலத்தில் அங்கே இருப்பது 'ப்ரொஃபஸ்' என்னும் சொல். நம்புதல் என்பதன்று அதன் பொருள். நம்புவதை வெளிப்பட அறிவித்தல். தமிழ்க் கிறித்தவர் வழக்கில் இதற்கு அருமையான ஒரு சொல் உண்டு: அறிக்கையிடுதல்.

அரசமைப்பின் 25 ஆம் உறுப்பு ஒவ்வொருவருக்கும் தம் மதத்தை அறிக்கையிடவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை வழங்குகிறது. அங்கும் அதே ஆங்கில வினைச்சொல்தான். ஓரிடத்தில் அறிக்கையிடுதல் அடிப்படை உரிமை. மற்றோரிடத்தில் அதே அறிக்கையிடுதல், பிறப்பால் வந்த இழிவுக்கு ஈடாக வழங்கப்பட்ட பாதுகாப்பு அனைத்தையும் இழப்பதற்கான காரணம். குடியரசு பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் இந்த இரண்டும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டன.

இது நம் சொற்சிலம்பம் என்று எவரும் கருத வேண்டியதில்லை. 1964 இல் பஞ்சாப்ராவ் எதிர் மேஷ்ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வே இந்தச் சொல்லுக்கு இவ்வாறுதான் பொருள் கண்டது. மகாராட்டிரத்தில் 1962 தேர்தலில் தனித்தொகுதியில் வென்ற ஒருவர் பௌத்தம் தழுவியிருந்தார் என்பது குற்றச்சாட்டு. மூன்றாம் பத்தியில் உள்ள சொல், மதத்தை வெளிப்படையாக அறிவித்தலையோ கடைப்பிடித்தலையோ குறிக்கிறது என்று நீதிமன்றம் கூறியது. அவர் பௌத்தத்தை ஏற்றவர் என்று முடிவுசெய்தது. ஆகவே, சட்டம் மனத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வெளிச்சத்தில் நடந்ததை. இதன் நடைமுறை விளைவைக் காணை வட்டாரத்துக் காலனிகளில் எவரும் விளக்கிவிடுவர். சிலுவையை அலமாரிக்குள் வைத்திருப்பவருக்குச் சான்றிதழ் நீடிக்கும். சிலுவையை வாசலில் மாட்டுபவருக்கு அது போய்விடும். கோழையாக இருப்பதற்கு ஊக்கத்தொகை வழங்கும் சட்டம் வேறு எங்கேனும் உண்டா என்று நமக்குத் தெரியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓர் இருளர் குடும்பம் நாளை கிறித்தவத்தை ஏற்றாலும், மதத்தின் பெயரால் அதன் பழங்குடிச் சான்றிதழைப் பறிக்க வழியில்லை. 1950 செப்டம்பரில் வந்த பழங்குடியினர் ஆணையில் மூன்றாம் பத்தியைப் போன்ற ஒன்று எழுதப்படவேயில்லை. மதமும் சமூக நிலையும் வெவ்வேறு என்பதை அரசு அறியாமல் இல்லை. சேரியைப் பொறுத்தவரை மட்டும் அந்த அறிவு வேலை செய்வதில்லை.

இனி அண்மைய தீர்ப்புகளுக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் வில்லியனூரைக் கடப்பவர்கள் லூர்து அன்னை திருத்தலத்தை அறிவார்கள். அங்கே கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண், வளர்ந்தபின் புதுச்சேரி அரசின் மேல்நிலை எழுத்தர் பணிக்கு இந்து வள்ளுவர் என்று சாதிச் சான்றிதழ் கோரினார். தந்தை வள்ளுவர் சமூகத்தவர், தாய் கிறித்தவர். சான்றிதழ் மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024 நவம்பர் 26 அன்று நீதிபதிகள் பங்கஜ் மித்தல், ஆர். மகாதேவன் அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவர் முறையாகத் தேவாலயத்துக்குச் சென்றுவருவதும், இந்து மதத்துக்குத் திரும்பியதற்குச் சடங்கோ பொது அறிவிப்போ இல்லாததும் சுட்டிக்காட்டப்பட்டன. உள்ளத்தில் நம்பிக்கையின்றி இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகக் கூறுவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது தீர்ப்பு. அன்று அரசமைப்பு நாள் என்பதை நாம் குறித்துவைக்கிறோம்.

இத்தீர்ப்பை நம் தோழர்கள் சிலர் கடுமையாகச் சாடினர். வேறு சிலர் 'சரிதானே, இரண்டு படகில் கால் வைக்கலாமா?' என்றனர். இருக்கிற சட்டத்தின்படி நீதிபதிகள் வேறு முடிவுக்கு வருவது கடினம் என்பதே நம் கருத்து. நமக்கு உறுத்துவது மோசடி என்ற சொல். இரண்டு படகுகளை ஓட்டைப் பாத்திரங்களாகச் செய்து, எது ஒன்றில் ஏறினாலும் மூழ்கும்படி விட்டவர் யார்? பிறப்பு, பள்ளி, திருமணம், வேலை என்று வாழ்வின் ஒவ்வொரு படிவத்திலும் ஒரு பெயரும், ஞாயிறு காலையில் வேறொரு பெயருமாக லட்சக்கணக்கானோர் வாழ நேர்ந்தது அவர்களின் சூழ்ச்சியால் அன்று. 75 ஆண்டுகளாக ஒரு பத்தி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வாழ்முறை அது.

வெளிப்பட்ட சான்றுகளைத் தேடும் இந்த வேலை எவ்வளவு அற்பமான இடங்களுக்கு நீதித்துறையையும் வருவாய்த்துறையையும் கொண்டுபோகும் என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். தேவிகுளம் தனித்தொகுதியில் 2021 இல் வென்ற அ. ராசாவின் தேர்தல், அவர் கிறித்தவர் என்று கூறி 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றத்தால் செல்லாதென அறிவிக்கப்பட்டது. திருமணப் படங்களில் மணமக்கள் உடுத்திய உடைகூட ஆராயப்பட்டது. தேவாலயப் பதிவேடுகளை நம்ப இயலாதெனக் கண்ட உச்ச நீதிமன்றம் 2025 மே 6 அன்று அந்தத் தீர்ப்பை நீக்கி அவர் பதவியை உறுதிசெய்தது. தேயிலைத் தோட்டத் தமிழர் ஒருவர் என்ன உடுத்தி மணம் முடித்தார் என்பது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை பேசுபொருளாயிற்று.

இராமநாதபுரம் மாவட்ட மருத்துவர் ஒருவரின் வழக்கு இன்னும் வேடிக்கையானது, வேதனையானதும்கூட. பட்டியல் சாதியில் பிறந்த அவர் கிறித்தவரை மணந்தவர். அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை மாட்டியிருந்தது. அதைக் கண்ட அதிகாரிகள் அவர் மதம் மாறிவிட்டதாக முடிவுகட்டிச் சான்றிதழை ரத்துசெய்தனர். 2021 இல் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி தலைமையிலான சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அந்த ஆணையை நீக்கி, அதிகார வர்க்கத்தின் குறுகிய மனப்பான்மையைக் கண்டித்தது. கணவர், குழந்தைகளுடன் தேவாலயத்துக்குச் செல்வதாலேயே ஒருவர் தம் பிறப்பு மதத்தைக் கைவிட்டதாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். களப்பணித் தோழர்கள் கையில் இத்தீர்ப்பின் நகல் எப்போதும் இருக்க வேண்டும். சுவரில் சிலுவை, வீட்டில் விவிலியம், கிறித்தவப் பெயர் என்று காரணம் காட்டிச் சான்றிதழ் மறுக்கப்படும்போது முதலில் நீட்ட வேண்டிய தாள் அதுவே. ஆனால் அதன் எல்லையையும் அறிய வேண்டும். மதம் மாறாத ஒருவரை அது காக்கும். மாறியவர், மாறினேன் என்று துணிந்து சொல்பவர் அதற்குள் ஒதுங்க முடியாது.

திரும்பி வருபவருக்கு மட்டும் கதவு திறந்தே இருக்கிறது. கோலார் தங்கவயல் தொகுதியின் 1972 தேர்தல் வழக்கில், கிறித்தவத்திலிருந்து திரும்பிய ஆதிதிராவிடர் ஒருவரைச் சமூகம் மீண்டும் ஏற்றுக்கொண்டால் அவர் பழைய சாதியில் சேர்ந்தவராவார் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2015 இல் கே.பி. மனு வழக்கில், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து பிற்காலத்தில் இந்துவானவருக்கும் அது விரிக்கப்பட்டது. ஆக, சாதி எங்கும் போய்விடவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது என்று நீதிமன்றமே ஒப்புகிறது. மதம் மாறியபோது உண்மையிலேயே சாதி ஒழிந்திருந்தால், திரும்பி வரும்போது அது எங்கிருந்து எழுந்து வருகிறது? நம்பிக்கையை விட்டால் சலுகை, பிடித்துக்கொண்டால் இழப்பு என்னும் இந்த ஏற்பாட்டைக் கிறித்தவர் செய்திருந்தால் அதற்கு ஆசைகாட்டி மதமாற்றம் என்று பெயரிட்டிருப்பார்கள்.

சட்டமன்றங்களையும் ஆணையங்களையும் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், தெருவோரத் தொழிலாளருக்கான பெட்டிக்கடைத் திட்டத்தில் கிறித்தவர் என்பதால் தமக்கு இடம் மறுக்கப்பட்டதாக வழக்காடினார். மதம் மாறியபின்னும் அதே கடுமையுடன் சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985 இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. சான்றைத் திரட்டியது ரங்கநாத் மிஸ்ரா ஆணையம். பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரித்துவிடுமாறு 2007 இல் பரிந்துரைத்தது (உறுப்பினர் செயலர் மட்டும் மறுத்து எழுதினார்). அந்த அறிக்கை களஆய்வின்றி எழுதப்பட்டது, ஏற்பதற்கில்லை என்று ஒன்றிய அரசு 2022 இல் உச்ச நீதிமன்றத்தில் கூறியது. அதே ஆண்டு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்து அதன் கெடுவையும் நீட்டித்தது. 2004 இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு ஆணையங்களின் நிழலிலேயே வயதாகிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தலித் கிறித்தவருக்கு ஆதரவாகத் தீர்மானம் இயற்றியது. நல்லது. ஆனால் தீர்மானத்தைக் காட்டி எவரும் விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முடியாது.

இட ஒதுக்கீட்டைவிட நம்மை அதிகம் அஞ்சவைப்பது பாதுகாப்பு போவதுதான். 2025 ஏப்ரல் 30 அன்று ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை முறித்தது. பத்தாண்டுகளாகப் போதகராகப் பணியாற்றிவந்த தலித் ஒருவர், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கப்பட்டதாகப் புகார் கொடுத்திருந்தார். கிறித்தவத்தில் சாதி இல்லை, ஆகவே அவர் பட்டியல் சாதியினர் அல்லர், ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்பது தீர்ப்பின் தருக்கம். கையில் சாதிச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டா அடிக்கிறான்? மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்ததற்காக 2023 இல் விழுப்புரம் மாவட்டம் கண்ட காட்சிகளை நினைத்துப் பாருங்கள். அப்படியொரு கும்பல் தெருவுக்குள் வரும்போது எந்த வீட்டில் பிள்ளையார் படம், எந்த வீட்டில் மாதா படம் என்று பார்ப்பதில்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போதுதான் அந்த வேறுபாடு தோன்றுகிறது. கூட்டத்தில் நாம் விளக்கிய சட்டம், அந்தத் தாய் தம் நம்பிக்கையைப் புகார் மனுவில் எழுதிவிட்டால் அவருக்கே உதவாமற்போகலாம். அன்று அதை மேடையில் நாம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அரசை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 'கிறித்தவத்தில் சாதி இல்லை' என்ற வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று திருச்சபைக்குள்ளேயே இருக்கிறது. அதை நீதிமன்றத்தின் முன் எடுத்துவைக்கத் திருச்சபைக்குத்தான் கூச்சம்.

உளுந்தூர்பேட்டைக்கு அருகில் இருக்கும் எறையூர், அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. அங்குள்ள செபமாலை அன்னை ஆலயம் பழமையானது. வன்னியக் கிறித்தவரும் தலித் கிறித்தவரும் ஒரே பங்கின் மக்கள். ஆனால் தலித்துகளுக்குக் கல்லறை தனி, சவ வண்டி தனி. இறந்தவரைக் கொண்டுசெல்லும் வழியும் தனி. ஒரே அப்பத்தைப் பகிரும் வழிபாட்டில் இவ்வளவு தனித்தனி. தலித் மக்கள் சகாய அன்னைக்குத் தமக்கென ஓர் ஆலயம் எழுப்பி, அதைத் தனிப் பங்காக அறிவிக்குமாறு புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைக் கேட்டனர். 2008 மார்ச்சில் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினர். மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது, வீடுகள் சூறையாடப்பட்டன. காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தனர். இறந்தவர்களும் உழைக்கும் மக்களே. சாதி அவர்களையும் கொன்றது என்றுதான் நாம் கருதுகிறோம்.

எறையூர் மக்களிடம் அன்று பலரும் கேட்ட கேள்வி: இவ்வளவு அவமானம் இருக்க, அந்தச் சபையை விட்டு வெளியேறினால் என்ன? பகுத்தறிவாளத் தோழர்களும் கேட்டனர், இந்து அமைப்பினரும் கேட்டனர். இரு தரப்பும் ஒரே கேள்வியைக் கேட்கும் அரிய சந்தர்ப்பங்களில் அது ஒன்று. வெளியேறியிருந்தால் இந்து ஆதிதிராவிடர் சான்றிதழ் கிடைத்திருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தியிருக்கும். அவர்கள் வெளியேறவில்லை. இந்த ஆலயம் எங்களுடையது, இந்த மாதா எங்களுடையவள், எங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்களே இந்த மதத்துக்கு அந்நியர் என்று நின்றனர். விசுவாசத்தில் துணிவு என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். அரசனுக்கு முன்னும் சிங்கத்துக்கு முன்னும் நின்றவர்களின் கதைகள் சொல்லப்படுகின்றன. சொந்த ஆயருக்கு முன் உண்ணாநிலை இருந்தவர்களின் கதையும் அந்த வரிசையில் சேர வேண்டும்.

இது எறையூரோடு நின்றதன்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சுவரைத் தமிழ்நாடே அறியும். கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்தின் தலித் கிறித்தவர் தொடுத்த வழக்கு 2025 இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியிருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் ஆற்றல்படுத்தல் கொள்கை, நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்றும், தீண்டாமை சபைக்குள் இருப்பதாகவும் ஒப்புக்கொண்டது. 2022 இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். அதே ஆண்டு புதுவை-கடலூருக்குப் புதிய பேராயர் நியமிக்கப்பட்டபோது, தலித் ஒருவரை நியமிக்காததற்கு இங்கே எதிர்ப்பு எழுந்தது. ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தபின் பாவப்பரிகாரம் செய்ய வேண்டும் என்பது அவர்களே நமக்குக் கற்பித்தது.

இந்த மக்கள் ஏன் அந்த மதத்துக்குப் போனார்கள் என்பதையும் ஒரு பத்தியில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 'கோதுமைக் கிறித்தவர்' என்ற ஏளனத்தை அடிக்கடி கேட்கிறார்கள். 1876-78 பஞ்சத்தில் பிணங்கள் சாலையோரம் கிடந்த காலத்தில், ஆற்காட்டுப் பகுதிகளில் சேரிக்குள் வந்து கஞ்சி ஊற்றியவர்கள் மிசனரிகள் என்பது உண்மை. சேத்துப்பட்டில் பிரெஞ்சுப் பாதிரியார் தராசு, திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிசன், திருக்கோவலூரில் டேனிய மிசன் என்று அவர்கள் பல நாட்டினர். கஞ்சிக்காக மாறினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கஞ்சி சில ஆண்டுகளில் தீர்ந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும், மாறியதால் இழப்பு மட்டுமே மிஞ்சிய 75 ஆண்டுகளில் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? பசிக்கு மாறியவர் என்றால் பறிமுதலுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

நம் மரபுக்கு இது புதிதன்று. 1898 இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரும், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோர் முன் 22 உறுதிமொழிகளை உரக்கச் சொன்ன அம்பேத்கரும் செய்தது அறிக்கையிடுதல்தான். அம்பேத்கர் மூன்றாம் பத்தியை அறியாதவர் அல்லர். தம்மைப் பின்பற்றி வருபவர்கள் சலுகையை இழப்பார்கள் என்று தெரிந்தே அவர் பொதுவெளியில் மாறினார். நவபௌத்தர்கள் 34 ஆண்டுகள் அந்த விலையைக் கட்டினார்கள். அவர்களை நாம் கோழைகள் என்றோ மோசடியாளர் என்றோ சொல்வதில்லை; சொல்லவும் கூடாது. செபமாலை அணிந்த காணைத் தாய்க்கும் அதே மரியாதையை அளிக்க நம் இயக்கங்கள் சில தயங்குகின்றன.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அதை மூடிமறைக்க நாம் விரும்பவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, ஒதுக்கீடு 18. ஏற்கெனவே பங்கு குறைவு. தமிழ்நாட்டுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோராக இருக்கும் தலித் கிறித்தவரையும் அதே 18 க்குள் சேர்த்தால் யார் இலையிலிருந்து சோறு போகும் என்று அருந்ததியர் இளைஞரும் ஆதிதிராவிடர் இளைஞரும் கேட்பது நியாயமான கேள்வி. தலைமுறைகளாகக் கல்வி நிறுவனங்களின் அருகில் வாழ்ந்த சில கிறித்தவக் குடும்பங்கள் முந்திக்கொள்ளும் என்ற அச்சமும் பொய்யன்று. ஆகவே பட்டியலில் சேர்த்தலும் ஒதுக்கீட்டை உயர்த்துதலும் ஒரே கோரிக்கையாகவே முன்வைக்கப்பட வேண்டும். முதலாவதை மட்டும் கேட்பது நம் மக்களை நம் மக்களோடு மோதவிடுவதில் முடியும். இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். காணைப் பெண்ணைப் போல ஏராளமானோர் ஏற்கெனவே இந்து என்ற பெயரில் பட்டியலுக்குள்தான் இருக்கிறார்கள். மூன்றாம் பத்தி நீங்கினால் புதிதாக வருபவர்களின் எண்ணிக்கை அஞ்சுமளவு இராது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் ஒளிந்திருக்க வேண்டிய தேவை போகும், அவ்வளவே.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை பங்கீட்டுக் கணக்கே எழவில்லை. அடிபட்டவருக்குச் சட்டம் பொருந்துவதால் இன்னொருவருக்குப் பொருந்தாமற்போவதில்லை. ஒதுக்கீட்டுத் தகராறு தீரும்வரை இதை ஏன் காக்கவைக்க வேண்டும்? நாடாளுமன்றம் தனித்திருத்தம் மூலம் இச்சட்டத்தின் பாதுகாப்பை மதம் மாறிய தலித்துகளுக்கும் விரிக்கலாம் என்பது நம் கருத்து. காணை அடங்கிய விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. திண்டிவனமும் வானூரும் தனிச் சட்டமன்றத் தொகுதிகள். அறிக்கையிட்ட தலித் கிறித்தவர் அங்கெல்லாம் நிற்க முடியாது, ஆனால் வாக்களிக்க முடியும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இந்தத் திருத்தத்தைப் பற்றிக் கேட்கத் தடையேதும் இல்லை.

இனி, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது. மறுவாரம் அவர்கள் நம் அலுவலகத்துக்கு வந்தபோது எதையும் மறைக்காமல் சொன்னோம். ஞானஸ்நானம் பெற்று, கிறித்தவராகவே வாழ்ந்துகொண்டு, இந்து ஆதிதிராவிடர் சான்றிதழில் வேலை பெற்றால் அது எத்தனை ஆண்டு கழித்தும் பறிக்கப்படலாம். தீய எண்ணம் இல்லாவிட்டாலும் அத்தகைய வேலையைக் காக்க இயலாதென 2017 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர் என்று பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் பெற்றால் போட்டி கடினமாகும். ஆனால் எவரும் கதவைத் தட்டி எடுத்துப்போக முடியாது. கல்வி உதவித்தொகை உள்ளிட்ட சில மாநில நலத்திட்டங்கள் மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் உண்டு. அவற்றை விடக் கூடாது. அவர் ஞானஸ்நானம் பெறாதவர், தாயோடு ஆலயத்துக்குத் துணையாகப் போகிறவர் மட்டுமே என்றால் வழி வேறு. அப்போது இராமநாதபுரம் மருத்துவர் வழக்கு அவருக்குக் கேடயம். எது உண்மை என்று நாம் கேட்கவில்லை. நமக்குச் சொல்லவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை என்றோம்.

மகள் எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தாய், தமக்கென்று ஏதாவது சான்றிதழ் வாங்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்றோம். "எனக்கு எந்த வேலையும் வேண்டாம் சார். உள்ளத உள்ளபடி எழுதின ஒரு காகிதம் எங்கிட்ட இருக்கணும்." இ-சேவை மையத்தில் எப்படி விண்ணப்பிப்பது, கிராம நிர்வாக அலுவலரிடம் என்ன ஆவணம் காட்டுவது என்று எழுதிக்கொடுத்தோம்.

இரண்டு வாரம் கழித்துத் தாய் தொலைபேசியில் அழைத்தார். மகள் தேர்வு விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறித்தார் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 10 கறுப்பு நாளன்று விழுப்புரத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், தெருவிலிருந்து ஆறேழு பேரை அழைத்து வரலாமா என்று மட்டும் கேட்டார்.